சாலையோரத் தன்வந்திரிகளுக்கு ஒரு பாராட்டு மடல்

நெடுஞ்சாலைகளிலும் முச்சந்திகளிலும் மேம்பாலத்து அடிவாரங்களிலும், வண்டி சாய்ந்த ஓசை அடங்குவதற்குள் எங்கிருந்தோ தோன்றி அருள்பாலிக்கும் பெருமக்களே! மருத்துவம் பயிலாமலே மருத்துவத்தைக் கரைகண்ட மகான்களே! அழைப்பிதழ் இல்லாமல் கூடி, தலைவர் இல்லாமல் தீர்மானித்து, பொறுப்பேற்காமல் கலையும் மாண்புமிகு சபையோரே! தங்கள் திருச்சமூகத்துக்கு இந்தப் பாராட்டு மடலை அடியேன் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

தங்களுக்கு இதுவரை ஒரு விழா எடுக்காமல் இருந்தது நாட்டின் நன்றிகெட்டதனம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையிலோ 64,105 என்று அந்த ஆண்டு நாட்டுக்கே முதலிடம் நம்முடையது. ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, பிழைப்பவர் யார், பிழைக்காதவர் யார் என்பது பெரும்பாலும் எழுதப்படும் அந்த நிமிடங்கள், அவை முழுவதும் தங்கள் ஆட்சிக்கு உட்பட்டவை. அரசும் மருத்துவர்களும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். தங்கள் திருக்கரங்கள் தொட்டு முடித்த மிச்சத்தைத்தான் அவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

முதற்கண் தங்கள் வட்டத்தைப் போற்ற வேண்டும். அடிபட்டவர் தரையைத் தொட்டதும் அவரைச் சுற்றி ஒரு கோட்டை எழும்புகிறது. முதல் வரிசை குனிந்து நிற்கும். இரண்டாம் வரிசை முதல் வரிசையின் தோளைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கும். மூன்றாம் வரிசை, என்ன நடந்தது என்று இரண்டாம் வரிசையை விசாரிக்கும். காற்றும் வெளிச்சமும் அனுமதி பெற்றுத்தான் உள்ளே நுழைய முடியும். பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க நூறடி தள்ளி ஒருவர் நிற்க வேண்டாமா என்று அற்ப மனிதர்கள் கேட்பார்கள். அப்படித் தள்ளி நின்றால் தரிசனம் கிடைக்குமா? ஆகவே அனைவரும் சாலையின் நடுவிலேயே எழுந்தருளியிருக்கிறீர்கள். இருட்டில் வரும் லாரி சில நேரம் நிற்காமல் வந்துவிட, பார்க்க வந்தவர்களே அடிபட்டவர்களாகப் பதவி உயர்வு பெறுவதும் உண்டு. வேடிக்கைக்காக உடலையும் கொடுக்கும் இந்த ஈகை வேறு எந்தச் சபைக்கு வாய்த்தது?

இனி, தங்கள் நோயறியும் முறை. இதன் அருமை விளங்க ஒரு வெளிநாட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் குடும்பத்தோடு ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகளில் மூவருக்குக் கடுமையான காயம். கொண்டு சேர்த்த சிற்றூர் மருத்துவமனையில் அடிபட்டவர்களை எந்த வரிசையில் பார்ப்பது என்றே தெரியவில்லை. அந்தத் துயரத்தோடு அவர் சக மருத்துவர்களைக் கூட்டிப் பாடுபட்டதன் விளைவாக 1978-இல் ஒரு பயிற்சிமுறை பிறந்தது. இன்று உலகமெங்கும் அதைத்தான் கற்பிக்கிறார்கள். முதலில், கழுத்தை அசைக்காமல் மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது மூச்சு. அதற்கடுத்தது இரத்த ஓட்டம். பிறகு நினைவும் நரம்பும். கடைசியாக உடையை விலக்கி, மறைந்திருக்கும் காயத்தைத் தேடி, உடனே போர்த்திவிட வேண்டும். எது முதலில் கொல்லுமோ அதை முதலில் கவனி என்பதே முழுச் சூத்திரமும்.

எவ்வளவு சுற்றுவழி! நம் சபையின் வரிசை எவ்வளவு நேர்த்தியானது! ‘எவன் மேல தப்பு?’ என்பது முதல் சோதனை. ‘வண்டி எந்த ஊர் நம்பர்?’ இரண்டாவது. ‘ஹெல்மெட் போட்டிருந்தானா?’ மூன்றாவது. ‘வாயை மோந்து பாரு’ என்பது நான்காவது. ஐந்தாவதாக அவருடைய சட்டைப்பையில் கைவிட்டுப் பர்ஸையும் செல்போனையும் பத்திரப்படுத்துவது. அவற்றில் எல்லாமே குடும்பத்தாரிடம் போய்ச் சேர்வதில்லை என்றாலும், பத்திரமாகத்தான் எங்கோ இருக்கும். மூச்சு இருக்கிறதா என்ற கேள்வியும் ஒருநாளும் கைவிடப்பட்டதில்லை. தன் முறை வரும்வரை அது பொறுமையாக வரிசையில் நிற்கும்.

அந்த நான்காவது சோதனையைத் தனியாக வியக்காமல் மேலே செல்ல முடியவில்லை. கிளாஸ்கோ நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் திறக்கிறாரா, பேச்சு பொருந்துகிறதா, சொன்னபடி கை கால் அசைகிறதா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுவது. எட்டும் அதற்குக் கீழும் வந்தால், தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று பொருள். இத்தனை கணக்கும் தங்களுக்கு வேண்டியதில்லை. மூக்கு ஒன்று போதும். ‘உளர்றான் பாரு, செம போதை’ என்று திருவாய் மலர்ந்தருளினால் தீர்ப்பு முடிந்தது. அதற்குமேல் மண்டையோட்டுக்குள் எவ்வளவு இரத்தம் கசிந்தாலும் அது போதையின் கணக்கில்தான் எழுதப்படும். குடித்தவருக்கும் மண்டை உடையும் என்ற குழப்பமான சிந்தனை தங்கள் தெளிந்த உள்ளத்தை ஒருநாளும் தீண்டியதில்லை.

விழுந்து சற்று மயங்கி, பிறகு தெளிந்து எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்கிறவர்களிடம் தாங்கள் காட்டும் கனிவோ தனிக் காவியம். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே தமனி கிழிந்து இரத்தம் சேரும்போது, சிலருக்கு இப்படி ஒரு தெளிவான இடைவேளை கிடைக்கும். சில நிமிடங்களோ சில மணி நேரமோ நன்றாகப் பேசுவார்கள். பிறகு தலைவலி, வாந்தி, நினைவிழப்பு என்று வரிசையாக வரும். அந்த இடைவேளையைத் தாங்கள் வீணாக்குவதில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறீர்கள். ‘ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்க, மெதுவா ஓட்டிக்கிட்டுப் போ தம்பி’ என்று அதே வண்டியில் அவரை ஏற்றி, அதே சாலையில் வழியனுப்பி வைக்கிறீர்கள்.

பேருந்து கவிழ்ந்த இடங்களில் தங்கள் செவித்திறன் பளிச்சிடும். ‘ஐயோ, அம்மா’ என்று ஊரைக் கூட்டுகிறவரைத்தான் பத்துக் கைகள் முதலில் தூக்கும். கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நுரையீரலில் காற்று இருக்கிறது, மூளைக்கு இரத்தம் போகிறது, ஆகவே அவர் சற்றுப் பொறுக்கலாம் என்பதெல்லாம் மருத்துவமனைக்குள் பேச வேண்டிய பேச்சு. ஓரத்தில் முகம் வெளுத்து, உள்ளங்கை சில்லிட்டு, நெற்றி வேர்த்து, ஒரு சொல்லும் சொல்லாமல் சாய்ந்திருக்கும் அம்மையாரைப் பார்த்து, ‘அவங்க தைரியமா இருக்காங்க’ என்று நற்சான்று வழங்குகிறீர்கள். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தைரியம் மட்டும்தான் தெரியும். அவருக்கு அடுத்தாற்போல் மல்லாந்து கிடப்பவர் கரகரவென்று குறட்டை விடுகிறார். நாக்கு பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கும் ஓசை அது. கீழ்த்தாடையின் இரு மூலைகளிலும் விரல்களை வைத்து மேல்நோக்கித் தூக்கினால், கழுத்தைத் திருப்பாமலே பாதை திறந்துகொள்ளும். கருவி வேண்டாம், மருந்து வேண்டாம், பட்டம் வேண்டாம். ஆனால் அடுத்தவர் உறக்கத்தைக் கலைப்பது நாகரிகமில்லை அல்லவா? குறட்டை நிற்கும்வரை அவரைத் தாங்கள் உறங்க விடுகிறீர்கள்.

இப்போது தங்கள் கைகளின் பெருமைக்கு வருகிறேன். இதைப் பாட என் சொல்வளம் போதாது.

‘தூக்கு, தூக்கு, எழுப்பி உக்கார வை!’ இந்த மந்திரம் ஒலிக்காத விபத்துக்களம் உண்டா? ஒருவர் வலக்கையைப் பிடிக்கிறார். ஒருவர் இடக்கையைப் பிடிக்கிறார். இன்னொருவர் காலைப் பிடித்து மறுபக்கம் இழுக்கிறார். தலையை மட்டும் யாரும் பிடிப்பதில்லை. அது சுதந்திரமாகப் பின்னுக்குத் தொங்கி ஆடிக்கொண்டு வரும். மனிதக் கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே சுண்டுவிரல் பருமனுக்குத் தண்டுவடம் இறங்குகிறது. கழுத்துப் பகுதியின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பு வேர்கள் சேர்ந்துதான் உதரவிதானத்தை அசைத்து நம்மை மூச்சுவிட வைக்கின்றன. வண்டியிலிருந்து விழுந்த வேகத்தில் அங்கே ஓர் எலும்பு மட்டும் உடைந்து, வடம் இன்னும் அறுபடாமல் நூலிழையில் தப்பித்துக் கிடக்கிற மனிதர்கள் உண்டு. அவர்களை அப்படி அரைகுறையாக விட்டுவிடத் தங்கள் மனம் ஒப்புவதில்லை. சாலை தொடங்கிய வேலையைத் தாங்கள் முடித்துவைக்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்த இளைஞர் ஆயுள் முழுவதும் கட்டிலில் கிடக்கையில், அவர் தாய் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் போடுகையில், படுக்கைப்புண்ணைத் துடைக்கையில், மகன் விழுந்ததால்தான் இப்படி ஆனான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தங்கள் பங்களிப்பு அவருக்குத் தெரியாது. புகழுக்கு ஆசைப்படாத தங்கள் பெருந்தன்மை அப்படிப்பட்டது.

தீயோ, வெள்ளமோ, மேலே வந்து விழப்போகும் பாரமோ இல்லாத வரையில், அடிபட்டவர் கிடந்த நிலையிலேயே தலையின் இரு பக்கமும் கை வைத்து அசையாமல் பிடித்திருங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். புரட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தலையும் தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்புமாறு நாலு பேர் சேர்ந்து திருப்ப வேண்டுமாம். மண்டியிட்டு, கையை வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதா? வீரர்கள் செய்யும் காரியமா அது? ஹெல்மெட் கழற்றும் கலையிலும் இதே வீரத்தைத்தான் காண்கிறேன். ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் இரு பக்கமும் விரித்து மெல்ல உருவ வேண்டிய அந்தப் பொருளை, வாரைக்கூட அவிழ்க்காமல் ஒரே இழுப்பில் பிடுங்கி எறிகிறீர்களே, அந்தத் தோள்வலிக்குப் பரிசாகத் தேரே கொடுத்தாலும் தகும்.

தங்கள் தண்ணீர்ப் பந்தல் ஊரறிந்தது. நினைவற்றவருடைய வாயைத் திறந்து, தலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரோ சோடாவோ கைக்குக் கிடைத்ததை ஊற்றுகிறீர்கள். விழுங்கும் உணர்வு இல்லாத தொண்டையில் அது உணவுக்குழாயைத் தேடிப் போவதில்லை. நேராக நுரையீரலுக்கு இறங்குகிறது. நினைவோடு இருப்பவருக்கோ, அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் தவிப்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதை நிரப்பி அனுப்புகிறீர்கள். மிச்சத் தண்ணீரை முகத்திலும் மார்பிலும் கொட்டி அபிஷேகமும் முடித்துவிடுகிறீர்கள். இரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைய மறுக்கும். உறையாவிட்டால் இன்னும் வடியும். வடிய வடிய இரத்தத்தில் அமிலம் ஏறும். குளிர்ச்சி, அமிலம், உறையாமை என்ற இந்த மூன்றும் கைகோத்து வந்தால் அதை மரணக் கூட்டணி என்று அஞ்சி, மருத்துவர்கள் போர்வையும் வெதுவெதுப்பான திரவமும் தேடி ஓடுவார்கள். தாங்கள் இன்னொரு பாட்டிலைத் திறக்கிறீர்கள்.

தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு வந்தால் சபையே சாவிக்கொத்து தேடும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வாயில் உள்ள எச்சிலும் இரத்தமும் வெளியேறிவிடும் என்ற எளிய வழி ஒன்று உண்டுதான். ஆனால் இரும்பின் மகிமையின் முன் அது எம்மாத்திரம்!

இரத்தத்தைக் கையாளும் தங்கள் நயத்தைச் சற்று நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் ஓடுவது சுமார் ஐந்து லிட்டர். தொடைத் தமனி அறுந்தால் அதில் பாதி போக அதிக நேரம் ஆகாது. அங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சுத்தமான துணியை, அது இல்லையென்றால் வேட்டியையோ துப்பட்டாவையோ மடித்து, காயத்தின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதும் கையில் இறங்க அழுத்திப் பிடித்து, எடுக்காமலே இருப்பது. நனைந்தால் மேலே இன்னொரு துணி. அவ்வளவுதான். தாங்களோ காபித்தூளும் மஞ்சள்தூளும் சர்க்கரையும் கொண்டுவந்து திறந்த காயத்தில் தூவி, பிறகு அறுவை அரங்கில் ஒருவர் அதைத் துகள் துகளாகக் கழுவி எடுக்கும் பாக்கியத்தை வழங்குகிறீர்கள். துணி வைத்து அழுத்தும் அபூர்வமான வேளைகளிலும், ‘நின்னுடுச்சா பாரு’ என்று நொடிக்கொரு தரம் தூக்கிப் பார்த்து, கட்டத் தொடங்கிய இரத்தக்கட்டியைப் பிய்த்து, இரத்தத்துக்கு மறுபடி வழிவிடுகிறீர்கள். சணலையோ வயரையோ மேலே சுற்றி இறுக்கியும் இறுக்காமலும் கட்டுவதில் தங்களுக்கு நிகர் இல்லை. அந்த அரைக் கட்டு, இதயத்துக்குத் திரும்பும் சிரையை மட்டும் அடைக்கும். உள்ளே கொண்டுவரும் தமனியைத் தொடாது. ஆகவே போகும் இரத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கட்டிவிட்டோம் என்ற மனநிறைவு மட்டும் குறையாமல் நிற்கும்.

வயிற்றில் கம்பியோ கண்ணாடியோ குத்தி நிற்கிறவரைக் கண்டால் தங்கள் இளகிய மனம் பொறுக்குமா? ‘பாவம், வலிக்கும், புடுங்கிடு!’ கிழிந்த குழாயை அடைத்துக்கொண்டு அவரை அதுவரை உயிரோடு வைத்திருந்ததே அந்தக் கம்பிதான். அதைப் பிடுங்கிய கையில் ஏந்தி நிற்கும் அன்பரின் முகத்தில் தெரியும் வெற்றிக் களிப்பு விவரிக்க இயலாதது. துண்டாகிப்போன விரலைத் தேடி எடுத்து, நேரே பனிக்கட்டிக்குள் புதைத்து, திசு உறைந்து கெட்டபின் மருத்துவரிடம் ஒப்படைக்கும் அக்கறையும் அத்தகையதே. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையைப் பனிக்கட்டி மேல் வைத்திருந்தால் திரும்ப ஒட்டியிருக்கும் என்று அந்த மருத்துவர் முணுமுணுப்பார். நன்றியறியாதவர்.

அடிபட்டவர் இப்படி உபசாரங்களில் திளைத்திருக்க, சபையின் மறுபாதி நீதி வழங்குகிறது. பெரிய வண்டி ஓட்டியவர் குற்றவாளி என்பது விசாரணை வேண்டாத உண்மை. அவரைக் கீழே இறக்கி அடித்து, ஒரு நோயாளி இருந்த இடத்தில் இரண்டு நோயாளிகளை உண்டாக்குகிறீர்கள். இதைப் பழி என்று யாராவது சொன்னால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். விபத்தை உண்டாக்கிய ஓட்டுநர் அடிபட்டவரை மருத்துவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று விதிக்கும் அந்தப் பிரிவு, கும்பலின் சீற்றத்தால் இயலாமற் போனால் அவர்மேல் குற்றமில்லை என்றும் கூடவே சொல்கிறது. நாடாளுமன்றமே தங்கள் கைவரிசையை மதித்து ஒரு விதிவிலக்கைச் செதுக்கி வைத்திருக்கிறது! தங்களுக்கு அஞ்சி ஓட்டுநர் ஓடுகிறார். அடிபட்டவரை ஏற்றிச் செல்ல அந்த இடத்தில் இருந்த ஒரே வண்டியும் அவரோடு போகிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி நிலையான இடம் பிடித்த கூட்டம் வேறு உண்டா?

எஞ்சியவர்கள் செல்போனை உயர்த்திப் பிடிக்கிறார்கள். பிள்ளை இறந்த செய்தியைத் தந்தை வாட்ஸ்ஆப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வசதி, முந்தைய தலைமுறைக்கு இல்லாதது. அந்தக் கையிலேயே இருக்கிறது 108 என்ற எண்ணை அழுத்தும் கருவியும். 2008 முதல் தமிழ்நாட்டில் அந்த ஊர்தி ஓடுகிறது. ‘யாரோ கூப்பிட்டாங்கப்பா’ என்பது தங்கள் சபையின் ஒருமித்த வாக்குமூலம். அந்த ‘யாரோ’ இன்னும் கூப்பிடவில்லை என்பதை விசாரித்து அறிவது, சக சபையோர் மீது சந்தேகப்படுவது ஆகிவிடும் அல்லவா!

யாரோ கூப்பிட்டு ஊர்தி வந்துவிட்டால் தங்கள் சுறுசுறுப்பு இரட்டிப்பாகிறது. கழுத்துப்பட்டையும் முதுகுப்பலகையும் ஆக்சிஜனும் எடுத்துக்கொண்டு இறங்கும் பணியாளர், அடிபட்டவர் அருகில் மண்டியிட்ட அரை நிமிடத்துக்குள், ‘சும்மா என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க, ஏத்து, கிளம்பு!’ என்று அவர் சட்டையைப் பிடிக்கிறீர்கள். படித்துப் பயிற்சி பெற்று வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதாலேயே, அவர் சொல் மட்டும் அங்கே எடுபடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். ஊர்தி வரத் தாமதமானாலோ, ஷேர் ஆட்டோ இருக்கவே இருக்கிறது. உடைந்த தொடையை மடக்கி, கழுத்தை வளைத்து, மூன்று பேர் மடியில் அவரைக் குறுக்கே திணித்து, போகும் வழியில் முதலில் பெயர்ப்பலகை தெரிகிற மருத்துவமனையில் இறக்குகிறீர்கள். அங்கே ஸ்கேன் இல்லை, அறுவை மருத்துவர் இல்லை, இரத்தம் இல்லை; ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்ற ஆலோசனை மட்டும் தாராளமாக இருக்கிறது. அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலைமலிந்த மருந்து இரத்தக்கசிவைக் கட்டுப்படுத்த உதவும் என்று இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஆராய்ந்து கண்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தையும் வாசல் வாசலாக ஏறி இறங்கியே செலவிடும் சாமர்த்தியம் தங்களுடையது.

சாலையில் செல்லும் மற்ற அன்பர்களையும் இங்கே விட்டுவிடக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. நம்மவர்கள் வழி விடுகிறார்கள். விட்டதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, நெரிசலைப் பிளந்த அந்தப் பாதையில் தாங்களும் பறக்கிறார்கள். உள்ளே உயிருக்குப் போராடுகிறவரின் புண்ணியத்தில் தாங்களும் அலுவலகத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறார்கள்.

இத்தனைக்கும் சிகரம் தங்கள் பணிவு. ‘போலீஸ் கேஸ் ஆயிடும், கோர்ட்டுக்கு இழுப்பாங்க, நமக்கு எதுக்கு வம்பு?’ சட்டத்தின் மேல் தாங்கள் வைத்திருக்கும் பயபக்தியைக் கண்டு சட்டமே வெட்கப்பட்டு, தன்னைத் தானே பலமுறை திருத்திக்கொண்டிருக்கிறது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை, இது போலீஸ் கேஸ் பார்க்கும் மருத்துவமனை இல்லை என்று திருப்பி, இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பியதில் அவர் வழியிலேயே இறந்த செய்தியை முன்னிட்டு, 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், முதலில் உயிரைக் காப்பாற்று, மற்ற நடைமுறை பிறகு என்று அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் விதித்தது. 2016 மார்ச் 30 அன்று, உதவுகிறவர்களைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2019-இல் அந்தப் பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக ஏறியது. நல்லெண்ணத்தோடு உதவும்போது கைதவறி ஏதாவது நேர்ந்துவிட்டாலும் உதவியவர் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பெயரும் முகவரியும் சொல்லும்படி எவரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்க முடியாது. இந்த உரிமைகளை வாசலில் அறிவிப்பாக எழுதி வைக்க வேண்டும். 2021-இல் மத்திய அரசு, அடிபட்ட பின் வரும் பொன்னான முதல் மணி நேரத்துக்குள் கொண்டு சேர்ப்பவருக்கு ஐயாயிரம் ரூபாய் பரிசும் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபடும் எவருக்கும், எந்த மாநிலத்தவர் ஆனாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது.

இவ்வளவையும் காலடியில் கொண்டுவந்து கொட்டியும் தங்கள் பணிவு தளரவில்லை. பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம், பாதுகாப்பும் வேண்டாம் என்று அனைத்தையும் துறந்து, அடிபட்டவரின் நாடி அடங்கியதும் ‘முடிஞ்சிடுச்சுப்பா’ என்று அறிவித்துவிட்டு, விட்ட டீயைக் குடிக்கத் திரும்புகிறீர்கள். துறவிகளுக்கும் எளிதில் கைகூடாத பற்றின்மை இது.

மாண்புமிகு சபையோரே! கொண்டு சேர்த்தபின் பெயர் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று சட்டம் தங்களுக்கு ஓர் உரிமை வழங்கியிருக்கிறது. அதில் பின்பாதியைத் தாங்கள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. 108-க்கு அழைக்க இன்றும் காசு கிடையாது. அரசுக்கு வீண் சிரமம் வைக்காமல் அந்தச் சலுகையையும் தாங்கள் பத்திரமாக மிச்சம் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.